தரைமேல் சேமிப்புத் தொட்டிக் கசிவும் மாசு அகற்றலும்

தரைமேல் சேமிப்புத் தொட்டி என்பது டீசல், பெட்ரோல், உலை எண்ணெய், அமிலம், ஆலைக் கழிவுநீர் போன்ற நீர்மங்களைத் தரைமட்டத்திற்கு மேலே வைத்திருக்கும் கலம் ஆகும். சுத்திகரிப்பு ஆலைகளின் வெள்ளை நிற உருளைகள் முதல் மின்னாக்கிக்குப் பக்கத்தில் நிற்கும் இருநூறு லிட்டர் பேரல் வரை எல்லாம் இவ்வகையில் சேரும். இவற்றிலிருந்து ஒழுகியவை மண்ணிலும் நீரிலும் கலந்தபின் அவற்றைத் தேடி, எடுத்து, எஞ்சியதைத் தீங்கற்றதாக்கும் பணியே மாசு அகற்றல் எனப்படுகிறது. இப்பணியில் கடினமான பகுதி எண்ணெயை எடுப்பது அன்று. அது எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான்.

பெட்ரோல் பங்குகளின் தொட்டிகள் பெரும்பாலும் மண்ணுக்குள் புதைந்திருப்பவை. அவை இக்கட்டுரையில் சேரா. கடலூர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டால், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேதிப்பொருள் தொட்டிகளும் கழிவுநீர்த் தொட்டிகளும் பெரிய அளவில் உள்ளன. வீராணம் ஏரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் நிலைமை வேறு. நெல் விளையும் அந்த வட்டாரத்தில் அரிசி ஆலை மின்னாக்கியின் டீசல் தொட்டி, கைப்பேசிக் கோபுரத்தின் எரிபொருள், ஆயில் என்ஜினுக்காக வாங்கி வைத்த பேரல் ஆகியவையே பொதுவானவை. சிறிய தொட்டிகள்தானே என்று விட்டுவிட முடியாது. அங்கே அவற்றுக்கு அடியில் இருப்பது ஆற்று வண்டல். அதற்குச் சில அடி கீழே குடிநீர்.

கசிவு ஏற்படும் விதம்

பெரும்பாலான கசிவுகள் வெடித்துக்கொண்டு வருவதில்லை. தொட்டியின் அடித்தகடு மண்ணோடு ஒட்டியிருப்பதால் அதன் கீழ்ப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. உள்ளே எண்ணெயுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கும். வெளியே மண்ணின் ஈரமும் உப்பும் இருக்கும். இரண்டு பக்கமும் துரு அரித்து ஊசித்துளை விழுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால், சொட்டு 0.05 மில்லிலிட்டர் எனக் கணக்கிட்டால், ஒரு நாளில் 4.3 லிட்டர், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 1,577 லிட்டர் ஆகும். பெரிய தொட்டியில் அளவுகோலை விட்டுப் பார்ப்பவருக்கு ஒரு நாளின் நான்கு லிட்டர் குறைவு கண்ணுக்கே தெரியாது. வெயிலில் எண்ணெய் விரிவதும் இரவில் சுருங்குவதும் அதைவிட அதிகம்.

இன்னொரு வகை, ஒரே நாளில் நேரும் பேரழிவு. 1988 சனவரி 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் புளோரெஃப் என்னுமிடத்தில் பழைய எஃகைக் கொண்டு மீண்டும் எழுப்பிய டீசல் தொட்டி ஒன்று, முதன்முறை நிரப்பும்போதே பிளந்தது. கொட்டியது ஏறத்தாழ 1.4 கோடி லிட்டர். சுற்றிலும் கரை இருந்தும், வேகத்தில் அலையாக எழுந்த டீசல் கரையைத் தாண்டி மொனாங்ககேலா ஆற்றில் இறங்கியது. அடுத்த ஆண்டே அம்மாநிலம் தொட்டிகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றியது.

புயலும் வெள்ளமும் தாக்கும் கடலூர்க் கடற்கரைக்கு மூன்றாவது வகை முக்கியமானது. பாதி நிரம்பிய தொட்டி வெள்ளத்தில் மிதக்கும். 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது லூசியானாவில் மர்ஃபி ஆயில் நிறுவனத்தின் தொட்டி ஒன்று வெள்ளத்தால் அடித்தளத்திலிருந்து தூக்கப்பட்டு நகர்ந்தது; அதிலிருந்து வெளியான 25,000 பீப்பாய்க்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எண்ணெய்ப் படலத்தால் பாழாயின. இதனால்தான் புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியைக் காலி செய்வதைவிட, எண்ணெயோ நீரோ நிரப்பிக் கனமாக்குவதை வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். காலித் தொட்டிக்குக் காற்றாலும் ஆபத்து உண்டு. உட்பக்கம் நொடித்து மடங்கிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், கடலூருக்குத் தெற்கே கட்டப்பட்டுவந்த நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. ஆலை இயங்கத் தொடங்காத காலம் அது.

மண்ணுக்குள் எண்ணெய்

ஒழுகிய டீசல் முதலில் நேராகக் கீழே இறங்கும். வழியில் மண் துகள்களுக்கு இடையே ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அளவு அதிகமானால் மீதி நிலத்தடி நீர்மட்டம் வரை போய், நீரைவிட இலேசானது என்பதால் அதன் மேல் படலமாகப் பரவும். அங்கிருந்து நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தத் திசையில் எண்ணெயும் நகரும். ஆகவே தொட்டி ஒருவர் மனையில் இருக்க, நாற்றம் நாலு வீடு தள்ளி இன்னொருவர் கிணற்றில் வரலாம்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெய்ப் படலமும் கூடவே இறங்கி, அதுவரை சுத்தமாக இருந்த மண்ணில் பூசிக்கொள்ளும். மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அந்தப் பூச்சின் ஒரு பகுதி நீருக்கடியில் சிக்கிக்கொள்ளும். இப்படி ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கி, சில அங்குலப் படலமாக இருந்தது பல அடி தடிப்புள்ள அழுக்கு மண்ணாக மாறிவிடுகிறது. கசிவைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு பருவமும் வேலையைப் பெருக்குகிறது.

கண்ணுக்குத் தெரியும் எண்ணெயைவிடத் தெரியாததே உடலுக்குக் கேடு. பெட்ரோலில் உள்ள பென்சீன், டொலுயீன் போன்றவை நீரில் ஓரளவு கரையும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் அது லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அந்த அளவில் அதற்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்ற வழக்கமான அறிவுரை இங்கே பொருந்தாது. ஆவியாகும் பகுதி சமையலறைக் காற்றில் கலக்கும். டீசலின் கனமான பகுதிகள் பாத்திரத்திலேயே நிற்கும்.

சுன்னாகம் கிணறுகள்

தமிழர் வாழும் நிலத்தில் எண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுத்ததற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட நிகழ்வு யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நேர்ந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரை நம்பியே குடிப்பதும் தோட்டம் செய்வதும். சுன்னாகம் மின்நிலைய வளாகத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். இலங்கையின் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 சூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தபோது 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் அனுமதித்த அளவை மிஞ்சியிருந்தன.

எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கு. 2009 வாக்கில் இயங்கத் தொடங்கிய நோதேர்ன் பவர் என்னும் தனியார் மின்நிறுவனத்தின் கழிவு எண்ணெயே காரணம் என்பது முறையீடு. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு உள்ளான பழைய எண்ணெய்த் தொட்டிகளிலிருந்து வழிந்ததும் இருக்கலாம் என்ற வாதமும் எழுந்தது. இலங்கை உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பில் நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட கிணற்று உரிமையாளர்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர ஆணையிட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டை இலங்கை நீதிமன்றம் நிலைநாட்டிய முக்கியத் தீர்ப்புகளில் இது ஒன்று. ஆனாலும் 40,000 ரூபாய் என்பது கிணற்றைச் சுத்தம் செய்யும் விலை அன்று. தலைமுறைகளாகத் தண்ணீர் இறைத்த கிணற்றின் வாயில் நின்று, பவுசர் வண்டி எப்போது வரும் என்று பார்த்திருக்க நேர்ந்தவர்களுக்குத் தரப்பட்ட ஆறுதல் தொகை என்றே அதைக் கொள்ள வேண்டும்.

இந்நிகழ்வு தொழில்நுட்ப அடிப்படையிலும் ஒன்றைக் காட்டுகிறது. கசிவு நடந்த காலத்திலேயே எண்ணெயின் மாதிரி எடுத்து வைக்கப்படாவிட்டால், பின்னர் யாருடைய எண்ணெய் என்பதை நிறுவுவது பெரும்பாடு. வாயு வண்ணப்படிவுப் பிரிகை என்னும் ஆய்வு, எண்ணெயின் உட்கூறுகளைப் பிரித்து ஒரு கைரேகை போலக் காட்டும். ஆண்டுகள் கடந்து நுண்ணுயிர்கள் தின்றபின் அந்த ரேகையும் மங்கிவிடும்.

முதல் சில மணி நேரம்

கசிவு தெரிந்தவுடன் செய்ய வேண்டியது தீப்பொறியை விலக்குவது, வால்வை மூடுவது அல்லது மீதியை வேறு தொட்டிக்கு மாற்றுவது, ஓடுவதைத் தடுப்பது. தொட்டியைச் சுற்றி எழுப்பும் கரை அல்லது சுவர் இதற்காகவே உள்ளது. அதற்குள் இருக்கும் மிகப் பெரிய தொட்டி முழுவதும் கொட்டினாலும் தாங்கும் கொள்ளளவு அதற்கு வேண்டும். நடைமுறையில் கரை தோற்பது அளவால் அல்ல, பராமரிப்பால். 2014 சனவரி 9 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் எல்க் ஆற்றங்கரைத் தொட்டியின் அடித்தகட்டில் துரு அரித்த துளைகள் வழியே நிலக்கரி கழுவும் வேதிப்பொருள் ஒன்று ஒழுகியது. சுற்றுச்சுவர் விரிசலுற்றிருந்ததால் அது ஆற்றுக்குள் சென்றது. ஆற்றின் கீழ்ப்புறம் இரண்டரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் குடிநீர் எடுக்கும் இடம். ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் நாட்கணக்கில் குழாய்நீரைத் தொடவில்லை.

கடலூர் அருகே குடிகாட்டில் 2025 மே மாதம் சாயத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, சாயநீர் வீடுகளுக்குள் புகுந்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மக்கள் சாலையில் அமர்ந்தனர். அங்கே கொட்டியது எண்ணெய் அன்று. சாயநீரில் உப்பும் வேதிப்பொருள்களும் கரைந்தே இருப்பதால் மிதக்காது, வழித்தெடுக்கவும் முடியாது. தேங்கியதை உடனே பம்பு வைத்து லாரியில் ஏற்றுவது, படிந்த மேல்மண்ணைச் சுரண்டி அகற்றுவது, சுற்றுக் கிணறுகளில் உப்பளவைத் தொடர்ந்து பார்ப்பது என அகற்றும் முறை வேறு வழியில் போகிறது. எந்த நீர்மம் என்று தெரியாமல் எந்த முறையும் தொடங்கக் கூடாது என்பதற்காகவே இது இங்கே குறிப்பிடப்படுகிறது.

எண்ணெய் நீரோட்டத்தில் இறங்கிவிட்டால் மிதவைத் தடுப்புகளைக் குறுக்கே கட்டி, மேற்பரப்பை வழித்தெடுக்கும் இயந்திரங்களால் உறிஞ்சுவர். 2023 டிசம்பரில் மிக்சாங் புயல் மழையின்போது மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தபோது, இயந்திரங்கள் போதாமல் மீனவர்கள் படகில் சென்று வாளியாலும் குவளையாலும் அள்ளினர். அலையாத்திக் காட்டின் வேர்களில் பூசிய எண்ணெயைக் கையால் துடைப்பதைத் தவிர வழி இல்லை. அதிலும் மிதிப்பதால் வேருக்கு வரும் சேதம் எண்ணெயை விட அதிகமாகலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கும் மாவட்டத்துக்கு இது தொலைவான செய்தி அன்று.

சிறிய கசிவில் மணல், உமி, தென்னைநார்க் கழிவு, வைக்கோல் இவற்றைப் போட்டு ஊறவிடலாம். சோப்புத்தூள் போட்டு நீரடித்துக் கழுவுவது பலரும் செய்யும் தவறு. சோப்பு எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து மண்ணுக்குள் இன்னும் ஆழமாக அனுப்பிவிடும்.

அகற்றும் முறைகள்

முதலில் ஆய்வு. தொட்டியைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, ஆழத்துக்கு ஆழம் மண் மாதிரி எடுப்பர். நீரோட்டத் திசையில் கண்காணிப்புக் கிணறுகள் இறக்கி, எண்ணெய்ப் படலத்தின் தடிப்பை அளப்பர். மூன்று கிணறுகளின் நீர்மட்டம் தெரிந்தாலே நீர் எத்திசையில் நகர்கிறது என்று கணக்கிடலாம்.

படலம் இருந்தால் அதை எடுப்பதே முதல் வேலை. கிணற்றுக்குள் எண்ணெயை மட்டும் உறிஞ்சும் பம்பை இறக்குவர், அல்லது வெற்றிடக் குழாயால் எண்ணெய், நீர், ஆவி மூன்றையும் சேர்த்து இழுத்து மேலே பிரிப்பர். இதனால் எல்லாம் வந்துவிடாது. மண் துகளைப் பற்றிக்கொண்டது பம்புக்கு அசையாது; சிந்தியதில் கணிசமான பங்கு அப்படித்தான் தங்கும்.

தங்கிய பெட்ரோலுக்கு மண் ஆவி உறிஞ்சல் ஏற்றது. நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணில் குழாய் இறக்கிக் காற்றை இழுத்தால் எண்ணெய் ஆவியாகி வரும். அதைக் கரிவடிகட்டியில் பிடிப்பர். நீருக்கடியில் காற்றைச் செலுத்தி ஆவியாக்கும் முறையும் உண்டு. இரண்டும் மணற்பாங்கான மண்ணுக்கே பயன்படும். டீசலும் உலை எண்ணெயும் எளிதில் ஆவியாகா.

அவற்றுக்கு நுண்ணுயிரே துணை. மண்ணில் இயல்பாகவே எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா உண்டு. அவற்றுக்குக் குறைவது பெரும்பாலும் ஆக்சிசனும் நைட்ரசனும் பாஸ்பரசும்தான். தோண்டிய மண்ணை அடித்தாள் விரித்த மேடையில் பரப்பி, உரமிட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது உழுது புரட்டினால் சில மாதங்களில் டீசலின் பெரும்பகுதி சிதையும். கார்பன், நைட்ரசன், பாஸ்பரசு 100:10:1 என்ற விகிதம் பொதுவான தொடக்க அளவு. விவசாயி எருக்குழியைப் பராமரிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. இந்தியாவில் டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ என்னும் பாக்டீரியாக் கலவை எண்ணெய் நிறுவனங்களின் தொட்டி அடிக்கசடைச் சிதைக்கப் பயன்படுகிறது. இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கி, 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் காப்புரிமை வென்றது அறிவியல் வரலாற்றில் புகழ்பெற்றது. களத்தில் உழைப்பதோ பெரும்பாலும் பெயர் தெரியாத உள்ளூர் பாக்டீரியாக்கள்தாம்.

டெல்டா மண்ணின் சிக்கல்

பாடநூல் முறைகள் பலவும் உலர்ந்த மணல்நிலத்தை மனதில் கொண்டவை. குமராட்சிப் பக்கம் போன்ற காவிரி, கொள்ளிட வண்டலில் மேலே களி, இடையிடையே மணல் அடுக்கு, சில அடியிலேயே நீர். களியில் காற்று நுழையாது. ஆவி உறிஞ்சல் அங்கே பலன் தராது. ஆனால் களி வெடித்த கோடையில் அந்த வெடிப்புகள் வழியே எண்ணெய் கீழுள்ள மணல் அடுக்குக்கு விரைந்து இறங்கிவிடும். களிமண் காப்பாற்றும் என்று நம்பியிருப்பது பிழை.

வயலில் சிந்தினால் இன்னொரு சிக்கல். நெல்லுக்குத் தேக்கிய நீருக்கடியில் ஆக்சிசன் மிகக் குறைவு. நுண்ணுயிர்ச் சிதைவு மிக மெதுவாகும். ஆகவே சிந்திய வயலில் மடையை அடைத்து, மேலே மிதப்பதை முதலில் வழித்தெடுத்து, பிறகே நீரை வடித்து எடுத்துச் சேமிக்க வேண்டும். வடிகாலில் திறந்துவிட்டால் ஒருவர் வயலின் மாசு பத்து பேர் வயலுக்குப் போகும். அதன்பின் உலர்ந்த மேல்மண்ணை வெட்டி, வெள்ளம் ஏறாத மேட்டில் பரப்பிச் சிதைப்பதே இத்தகைய மண்ணுக்குப் பொருத்தமானது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது முடியாவிட்டால் அந்த ஆண்டு வீண். 2017 சூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியபோது மக்கள் கொண்ட கோபத்தைப் புரிந்துகொள்ள, மண்ணின் இந்த இயல்பை அறிந்தால் போதும்.

சட்டமும் சோதனையும்

எண்ணெய் ஊறிய மண்ணும் தொட்டி அடிக்கசடும் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருபவை. பள்ளத்தில் கொட்டவோ எரிக்கவோ கூடாது. உரிமம் பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கே அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய மையம் உள்ளது. மாசடைந்த நிலங்களுக்கென்று தனி விதிகள் இந்தியாவில் 2025 சூலையில்தான் வந்தன. அவற்றின்படி, ஐயத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டும். மாநில வாரியம் ஆராய்ந்து உறுதிசெய்யும். சீரமைப்புச் செலவு மாசுபடுத்தியவரைச் சேரும். பேரல் வைத்திருக்கும் சிறு ஆலையிடமிருந்து அச்செலவை வாங்குவது எப்படி என்பது நடைமுறையில் பார்க்க வேண்டிய கேள்வி.

கிணற்றில் எண்ணெய் மணம் வந்தால் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் ஆட்சியருக்கும் எழுத்தில் தர வேண்டும். நீர் மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்கக் கூடாது. எண்ணெய் பாட்டிலின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். சுத்தமான கண்ணாடிப் பாட்டில் வேண்டும். பென்சீனுக்கான மாதிரியில் காற்றுக்குமிழ் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து விரைவில் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். எடுத்த நாள், நேரம், கிணற்றின் நீர்மட்டம் ஆகியவற்றைப் பாட்டிலின் மேலேயே எழுதி, இரண்டாவது பாட்டில் ஒன்றை வழக்குக்காகத் தனியே முத்திரையிட்டு வைப்பது நல்லது.